பீன்ஸ் இலையும் உப்பு மூட்டையும்

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது ஒரு பீன்ஸ் இலை. ஓசூர்ப் பக்கம் என் மாமாவின் நிலத்தில் பறித்தது. நடுவில் நல்ல பச்சை. நுனியிலும் ஓரத்திலும் மட்டும் ஊதுபத்தியால் சுட்டதுபோல் கருகியிருக்கிறது, முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பூச்சி என்று நினைத்து மாமா இரண்டு தடவை மருந்து அடித்துவிட்டார். இலையைச் சோதித்த பிறகுதான், உப்பில் இருக்கும் குளோரைடு என்று தெரிந்தது.

குளோரைடை மண் பிடித்து வைப்பதில்லை. தண்ணீரோடு வேரில் நுழைந்து இலை வரை ஏறும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு இலையிலேயே தங்கிவிடும். அது வந்து குவியும் இடம் ஓரம்தான். அதனால்தான் முதலில் ஓரம் கருகுகிறது.

சரி, பாசன நீரில் எவ்வளவு இருக்கலாம்? ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1985-இல் வெளியிட்ட அளவுகளை இன்றும் பயன்படுத்துகிறோம். உப்புத் தாங்காத பயிருக்கு வாய்க்காலில் பாய்ச்சினால் லிட்டருக்கு 142 மில்லிகிராம் வரை பயமில்லை. 355-ஐத் தாண்டினால் ஆகவே ஆகாது. தெளிப்பான் வைத்தால் 106-லேயே கவனம் வேண்டும், இலை நேரடியாக உறிஞ்சிவிடுகிறது. நம் குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் ஏற்கும் அளவோ 250! நமக்கு ஒத்துக்கொள்ளும் தண்ணீர் பீன்ஸுக்கு ஒத்துக்கொள்ளாது.

அந்த 142-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. பாய்ச்சும் நீரில் 15 முதல் 20 சதவீதம் வேருக்குக் கீழே வடிந்து, உப்பையும் இழுத்துப் போகும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. சொட்டுநீரில் அளந்து விடுகிற நிலத்தில், கோடையில், அப்படி வடியாது. பீன்ஸுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் 100 என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

இதை ஏன் பெங்களூரில் பேசுகிறேன்? நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அல்சூரின் வடிகால் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. அங்கிருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அணையில் பொங்கும் நுரையை டிவியில் எல்லோரும் பார்த்தோம். குளோரைடு கண்ணுக்கே தெரியாது. நம் அடுக்ககச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாக்கடையின் அழுக்கை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது.

போர்வெல் தண்ணீர் கடினம் என்று, அந்தக் கடினத்தை நீக்கும் சாஃப்ட்னர் மெஷின் வைத்திருக்கிறோம். அதை அவ்வப்போது உப்பு நீரால் கழுவ வேண்டும். எங்கள் பேஸ்மென்ட்டிலும் 25 கிலோ உப்பு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு மூட்டையில் குளோரைடு மட்டும் சுமார் 15 கிலோ. துளி உப்பில்லாத 1 லட்சம் லிட்டர் தண்ணீரை 142-க்குக் கொண்டுபோக அது போதும். பெரிய டேங்கர் லாரியில் எட்டு ஒன்பது லோடு தண்ணீர்! சாஃப்ட்னரைக் கழுவும்போது அந்தக் குளோரைடு முழுக்கச் சாக்கடைக்குத்தான் போகிறது.

கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா ஆற்றிலும் இதே சிக்கல். ஆற்றின் கீழே அவகாடோ, ஸ்ட்ராபெரித் தோட்டங்கள். அதற்காக வைத்த வரம்பு 100. மேலே இருக்கும் சான்டா கிளாரிட்டா பகுதி மக்கள் 2008-இல் ஓட்டுப் போட்டு, உப்பால் கழுவும் சாஃப்ட்னர்களை வீடுகளிலிருந்து எடுக்க முடிவு செய்தார்கள்.

உடனே எடுத்து எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் மாதம் எத்தனை மூட்டை போகிறது என்று கேளுங்கள். டைமர் வைத்துக் கழுவும் மெஷின் என்றால், ஓடிய தண்ணீரை அளந்து கழுவும் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள், உப்பு குறையும். கழுவிய நீர் எந்தக் குழாயில் போகிறது என்று ஒரு நாள் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பாருங்கள். இந்த இலையை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், கையில் எடுத்துப் பாருங்கள்.