வடக்கே ஓடும் கியோட்டோ கால்வாய்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் வீட்டில் சொல்லி அனுப்புவது, முதலில் படிப்பு, ஊர் சுற்றுவதெல்லாம் அப்புறம் என்பதுதான். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவன் நான். இரண்டையும் பிரிக்கவே கூடாது என்பேன். ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

காலையில் ஹைட்ராலிக்ஸ் வகுப்பு. கால்வாய்க்கு எவ்வளவு சரிவு வேண்டும், கரையின் சொரசொரப்பு தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்று பலகை நிறையச் சமன்பாடுகள். மதியம் கேன்டீனில் சோறும் மிசோ சூப்பும் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளில் நான்சென்ஜி கோயிலுக்குப் போனேன். பழைய ஜென் மடம் அது. பைன் மரங்களையும் பெரிய மர வாசலையும் தாண்டி நடந்தால், சிவப்புச் செங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. சுய்ரோகாகு என்று பெயர், 93 மீட்டர் நீளம், 1888-இல் கட்டியது. பெரும்பாலும் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பக்கத்து மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும், வளைவுகளின் தலைமேல் குறுகலான வாய்க்காலில் தண்ணீர் நாம் நினைப்பதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ஓர் இலை மிதந்து வந்தது. அதோடு சேர்ந்து கரையில் நடந்தேன், கொஞ்சம் எட்டிப் போட வேண்டியிருந்தது. காலையில் பலகையில் பார்த்த வேகம் இதுதான்.

இந்தத் தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிவா ஏரியிலிருந்து வருகிறது. 1869-இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்விட, கியோட்டோவில் தொழிலும் சரிந்தது, மக்கள்தொகையும் குறைந்தது. ஊரைத் தூக்கி நிறுத்த ஆளுநர் கிதாகாகி குனிமிச்சி எடுத்த வேலைதான் இந்தக் கால்வாய். பொறுப்பை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? பட்டம் வாங்கிய கையோடு வந்த தனாபே சகுரோ என்ற இளைஞரிடம்! அவருடைய பட்டப்படிப்பு ஆய்வே இந்தக் கால்வாய்தான், வலது கையில் அடிபட்டிருந்ததால் இடது கையால் எழுதி முடித்தார். 1885-இல் தொடங்கி 1890-இல் முடித்தார்கள். முதல் சுரங்கம் மட்டும் 2,436 மீட்டர், நடுவில் செங்குத்தாக ஒரு குழி இறக்கி அங்கிருந்தும் இரு பக்கமும் குடைந்தார்கள். வேலை நடக்கும்போதே தனாபே அமெரிக்காவில் ஆஸ்பென் போய் நீர்மின்சாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார், தண்ணீர்ச் சக்கரம் வைக்கலாம் என்றிருந்த திட்டம் மாறியது. 1891-இல் கெயாகே மின்நிலையம் ஓடத் தொடங்கியது, 1895-இல் கியோட்டோவில் ஜப்பானின் முதல் மின்சார டிராம் ஓடியது. ஒரு மாணவன் ஊர் சுற்றிப் பார்த்ததில் ஒரு நகரத்துக்கே கரண்ட் வந்தது என்று சொன்னால் மிகையில்லை, படிக்கிற காலத்திலேயே அவர் இந்த மலையில் அளந்து திரிந்தவர்.

கோயிலிலிருந்து இறங்கினால் கெயாகே சரிவுப்பாதை, 582 மீட்டர். கால்வாயில் வந்த படகு இறங்க முடியாத 36 மீட்டர் பள்ளத்தில், படகையே வண்டியில் ஏற்றித் தண்டவாளத்தில் இறக்கினார்கள், அதை இழுத்ததும் இதே தண்ணீரில் எடுத்த மின்சாரம். இப்போது அங்கே படகு இறக்குவதில்லை, செர்ரி மரங்களுக்கு நடுவே தண்டவாளத்தில் நடக்கலாம்.

அப்புறம் வாய்க்கால் கரையில் போகும் தத்துவப் பாதை. தத்துவ அறிஞர் நிஷிதா கிதாரோ நடந்த வழி என்று கூட்டம் வரும். எனக்கு அங்கே பிடித்தது வேறு. ஊர் தெற்கே சரிகிறது, கமோ ஆறும் தெற்கே ஓடுகிறது, இந்தக் கிளை வாய்க்கால் மட்டும் மலையடிவாரத்தை ஒட்டி, மட்டம் பிசகாமல் வடக்கே போகிறது. நிலத்தை அளந்து அளந்து ஒரு சின்னச் சரிவைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறார்கள்.

கியோட்டோ போகிறவர்கள் தங்கக் கோயிலுக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கெயாகே ரயில் நிலையத்தில் இறங்கி, முதலில் கால்வாய் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், கட்டணம் கிடையாது. அந்தக் காலத்து வரைபடங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகு நான்சென்ஜிக்கு நடங்கள். வணக்கம்.