தாழ்ப்பாளோடு போராடிய கைகள்

நண்பர்களே, வணக்கம். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதில் ஒரு வீட்டுக்காரர் வருவார், நினைவிருக்கிறதா? நாய் வளர்த்ததற்காக ஒரு விதவையைக் காலி பண்ணச் சொன்னவர். அவளுக்காகப் பேசிய இளம் விட்டோ, பின்னாளில் மாஃபியா தலைவராகப் போகிறவர், யார் என்று தெரிந்ததும் அலறியடித்துக்கொண்டு வருகிறார். பழைய வாடகையே போதும் என்கிறார். விட்டோ பேசாமல் பார்க்கிறார். ஐந்து டாலர் குறைக்கிறேன் என்கிறார். அப்புறம் பத்து. தப்பித்தோம் என்று கிளம்பினால் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. தாழ்ப்பாளோடு அந்தக் கைகள் படும் பாட்டைப் பாருங்கள். விட்டோவாக நடிக்கும் ராபர்ட் டி நீரோ குரலை உயர்த்துவதே இல்லை. விட்டோ எப்பேர்ப்பட்டவர் என்று நமக்குச் சொல்வது இந்த வீட்டுக்காரருடைய பதற்றம்தான். குணச்சித்திர நடிப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

வீட்டுக்காரராக நடித்தவர் பெயர் லியோபோல்டோ திரியெஸ்தே. 1917இல் தெற்கு இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் பிறந்தவர். அடிப்படையில் நாடக ஆசிரியர். 1952இல் இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினி 'வெள்ளை ஷேக்' படத்தில் அவரைப் புதுமாப்பிள்ளை ஆக்கினார். ரோமுக்குத் தேனிலவு வந்த இடத்தில் மனைவி, பத்திரிகைப் புகைப்படக்கதை நாயகன் ஒருவனைத் தேடிப் போய்விடுகிறாள். உறவினர்களோ போப்பாண்டவரைப் பார்க்கக் கிளம்பி நிற்கிறார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சமாளித்துச் சமாளித்து, நள்ளிரவில் ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார். வழியில் வந்த இரண்டு பாலியல் தொழிலாளிகளிடம் அவள் படங்களை எடுத்துக் காட்டுகிறார். மனைவியைக் காணோம் என்ற துக்கம் பாதி, மானம் போய்விடுமே என்ற பயம் பாதி. இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்கலாம். எனக்கு அவர் நடித்ததிலேயே பிடித்த இடம் இதுதான்.

அடுத்த ஆண்டு 'இ வித்தெல்லோனி' படத்தில் நாடகம் எழுதிக்கொண்டு வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளைஞன். பாத்திரத்தின் பெயரும் லியோபோல்டோதான். 1964இல் இயக்குநர் ஜெர்மியின் படமொன்றில் சொத்தெல்லாம் கரைந்துபோன சிசிலிப் பிரபு. கெட்டுப்போன பெண் என்று ஊர் தூற்றும் ஒருத்திக்கு மாப்பிள்ளையாக அழைத்து வரப்படுகிறவர். அந்த வேடத்துக்கு இத்தாலிய விமர்சகர்களின் வெள்ளி நாடா விருது கிடைத்தது.

சரி, 'சினிமா பாரடைசோ'வுக்கு வருவோம். 1988. அதில் வரும் பாதிரியார் இவர்தான். படம் ஊருக்குக் காட்டப்படும் முன், காலியான அரங்கில் கையில் மணியோடு உட்கார்ந்திருக்கிறார். முத்தம் வந்தால் மணி ஒலிக்கும். மேலே படம் ஓட்டும் ஆல்ஃபிரெடோ சுருளில் காகிதத்துண்டைச் செருகுவார், வெட்டுவதற்காக. ஊரார் பார்க்கக் கூடாத முத்தங்களைப் பாதிரியார் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது மணியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பாருங்கள்.