உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது 2013 செப்டம்பரில் திரைக்கு வந்த 'தி லஞ்ச்பாக்ஸ்' என்ற இந்திப் படத்தைப் பற்றி. ரிதேஷ் பத்ரா இயக்கிய முதல் முழுநீளப் படம். மும்பையின் டப்பாவாலாக்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத்தான் அவர் முதலில் போனார். அவர்களோடு சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒரு கதையோடு வந்து சேர்ந்தார்.

டப்பாவாலாக்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையில் வீடு வீடாகப் போய் சாப்பாட்டு டப்பாவை வாங்கி, சைக்கிளிலும் மின்சார ரயிலிலும் கொண்டுபோய், மதியத்துக்குள் அவரவர் அலுவலக மேசையில் சேர்ப்பவர்கள். 1890-ஐ ஒட்டி மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் தொடங்கிவைத்த தொழில். படம் வந்த காலத்தில் ஏறத்தாழ 5,000 பேர், நாளுக்கு 2 லட்சம் டப்பா வரை சுமந்தார்கள். டப்பா மூடியில் நிறமும் எண்ணும் எழுத்துமாக ஒரு குறி இருக்கும். அதுதான் விலாசம். டப்பா இடம் மாறிப் போவது அபூர்வம். அப்படி ஒரு டப்பா மாறிப்போனால் என்ன ஆகும் என்பதுதான் படம்.

இலா என்ற இளம் மனைவி கணவனுக்குச் சமைத்து அனுப்புகிற சாப்பாடு, சாஜன் ஃபெர்னாண்டஸ் என்பவரின் மேசைக்குப் போய்விடுகிறது. சாஜன் மனைவியை இழந்தவர். 35 வருடம் ஒரே அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெறப்போகிறவர். ஓர் ஓட்டலில் மாதக் கணக்கு வைத்து, அங்கிருந்து டப்பாவில் வரவழைத்துச் சாப்பிடுகிறவர். அந்த முதல் டப்பாவை அவர் திறக்கிற காட்சியைப் பாருங்கள். மூடியைத் திறந்ததும், சாஜனாக நடிக்கும் இர்ஃபான் கானின் கை நின்றுவிடுகிறது. குனிந்து முகர்ந்து பார்க்கிறார். அடுத்த அடுக்கைத் திறக்கிறார், அதையும் முகர்கிறார். இது நமக்கு வந்ததுதானா என்று ஒரு பார்வை. ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடமாக இந்த மனிதர் சாப்பாடு என்று எதை விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது அதிலேயே புரிந்துவிடுகிறது.

டப்பா காலியாகத் திரும்பி வருகிறது. இலாவுக்கு வாயெல்லாம் பல். ராத்திரி கணவன் வந்ததும், சாப்பாடு எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்கிறாள். காலிஃபிளவர் நன்றாக இருந்தது என்கிறான். அவள் காலிஃபிளவரே சமைக்கவில்லை! அவன் சாப்பிட்டது ஓட்டல் சாப்பாடு. மனைவி கைப்பக்குவம் எது, கடைச்சாப்பாடு எது என்று அவன் நாக்குக்குத் தெரியவில்லை. படத்திலேயே மிகத் தனிமையான இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சாஜனாவது ஆளில்லாத வீட்டில் தனியாக இருக்கிறார். இவள் புருஷனும் குழந்தையும் இருக்கிற வீட்டில் தனியாக இருக்கிறாள்.

மறுநாள் சாப்பாட்டோடு ஒரு சீட்டு எழுதி வைக்கிறாள். முழுவதையும் சாப்பிட்டதற்கு நன்றி சொல்லி நாலு வரி. அதற்கு சாஜன் அனுப்புகிற பதில் என்ன தெரியுமா? இன்றைக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்தால், அவள் சமையலில் உப்பு கூடியதா குறைந்ததா என்று கவனித்துச் சொல்ல அந்த வீட்டில் யாருமே இருந்ததில்லை.

மாடிவீட்டு தேஷ்பாண்டே ஆன்ட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கூடையில் கயிறு கட்டி மிளகாயை இறக்குகிறார். மறுநாள் சாப்பாட்டில் காரம் தூக்கல். இந்த ஆன்ட்டியின் முகத்தைப் படத்தில் ஓரிடத்திலும் காட்டமாட்டார்கள். குரல் மட்டும்தான், பாரதி அச்ரேக்கரின் குரல். முகம் தெரியாத ஒரு குரலே வீட்டு மனுஷியாக ஆகிவிட முடியும் என்பது வானொலிக்காரர்களுக்குப் புதிதில்லை.

காரத்துக்கு சாஜன் எழுதும் பதிலில் வாழைப்பழம் வருகிறது. நெருப்பை அணைக்க இரண்டு பழம் சாப்பிட்டேன் என்று எழுதிவிட்டு, இந்த ஊரில் மதியச் சாப்பாடே இரண்டு பழம்தான் என்று இருப்பவர்கள் நிறையப் பேர் என்கிறார். பக்கத்தில் ஷேக் இருக்கிறார், நவாஸுதீன் சித்திக். அலுவலகத்துக்குப் புதிது, பழத்தை வைத்தே மதியத்தை ஓட்டுகிறவர், ஆளும் அனாதை. ராத்திரிச் சமையலுக்கு வேண்டிய காய்கறியை ஓடுகிற ரயிலிலேயே நறுக்கிவிடுவார், அலுவலகக் கோப்புகளை வைத்துக்கொண்டு! மறுநாள் காகிதமெல்லாம் காய்கறி வாசனை. முதலில் அவரைக் கண்டாலே ஒதுங்கிப்போன சாஜன், போகப்போக தன் டப்பாவிலிருந்து அவருக்கும் பங்கு கொடுக்கிறார். சாஜனும் இலாவும் பழகுவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பங்குச் சோறுதான் பெரிதாகப் படுகிறது.

சாஜனும் இலாவும் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். மாட்டுங்காவில் உள்ள கூலர் என்ற இரானி ஓட்டல். நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பேட்டை அது, மும்பை நேயர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அன்று நடப்பதைப் படத்திலேயே பாருங்கள். அதற்கு மறுநாள் இலா அனுப்புகிற டப்பாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லா அடுக்கும் காலி. அதைவிடக் கடுமையாக ஒரு கடிதம் எழுத முடியாது.

இன்னொரு காட்சி. இலாவின் அப்பா நீண்ட நாள் நோயில் கிடந்து இறந்துபோகிறார். அம்மா அழவில்லை. பசிக்கிறது, பரோட்டா சாப்பிடவேண்டும் போல இருக்கிறது என்கிறார். வருடக்கணக்காகக் காலை உணவு, மருந்து, குளியல் என்று ஓடியதையும், அது எவ்வளவு வெறுத்துப்போனது என்பதையும் கொட்டித் தீர்க்கிறார். லிலட் துபே நடித்த ஒன்றிரண்டு நிமிடம்தான். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவளுக்குப் பசி என்று ஒன்று இருந்ததை, அந்தக் கட்டிலில் கிடந்தவர் போனபிறகுதான் அவளாலேயே சொல்ல முடிகிறது. சமையலைப் புனிதமாக்கிப் பாடுகிற படங்கள் இந்தப் பக்கமே வரமாட்டா.

2013-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில், விமர்சகர் வாரம் என்ற பிரிவில் இதற்கு 'கிராண்ட் ரைல் டோர்' விருது கிடைத்தது. பிரான்சில் ரயில்வே வேலை பார்க்கிற சினிமா ரசிகர்கள் சேர்ந்து கொடுப்பது. பாதிப் படம் ரயிலிலேயே ஓடுகிறது, பொருத்தமான கைகளிலிருந்துதான் விருது வந்திருக்கிறது. ஆஸ்கருக்கு இந்தியா சார்பில் இது போகவில்லை, ஒரு குஜராத்திப் படம் போனது. அன்று பெரிய ரகளை. இப்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?

கடைசியில் இருவரும் சேர்ந்தார்களா என்று படம் சொல்வதில்லை. இலாவின் வீட்டைத் தேடி சாஜன் டப்பாவாலாக்களோடு ரயிலில் போகிறார், அவர்கள் பஜனை பாடிக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். என் கட்சி, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது. டப்பா மாறிப்போகிறது என்று இலா சண்டைக்குப் போனபோதுகூட, ஹார்வர்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், எங்களிடம் தப்பே நடக்காது என்று சாதித்தவர் அந்த டப்பாவாலா. அவரை நம்பித்தானே வழி கேட்டுப் போகிறார்.

வணக்கம்.