வேறு வீட்டு வாசலில் பாட்டுக்காரர்கள்

வணக்கம் நேயர்களே. அண்மையில் வந்த இசை ஆல்பங்களைப் பற்றி மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் விமர்சகன் இல்லை, வெறும் கேட்பவன்.

இப்போதெல்லாம் பெரிய பெயர்கள் தங்கள் பாணியை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குள் நுழைகிறார்கள். ராப் பாடி உலகப் புகழ் பெற்ற ஆந்த்ரே 3000, 2023 நவம்பரில் 'நியூ புளூ சன்' வெளியிட்டார். 87 நிமிடம் ஓடும் அதில் ஒரு வரி ராப் கிடையாது, முழுக்கக் குழல். ராப் ஆல்பம்தான் போட நினைத்தேன், காற்று இந்தப் பக்கம் அடித்துவிட்டது என்று முதல் இசைத் தடத்தின் தலைப்பிலேயே சமாதானம் சொல்லிவிடுகிறார். கர்நாடக இசை மேதை மாலியின் குழல் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சாதகம் செய்கிற மாதிரிதான் இருக்கிறது. தைரியத்துக்காக ஒரு முறை கேட்கலாம்.

கறுப்பின பாப் பாடகி பியோன்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' அப்படி இல்லை. அமெரிக்க நாட்டுப்புறத்து வெள்ளைக்காரர்களின் சொத்து என்று பலரும் நினைக்கும் கன்ட்ரி இசைக்குள் உரிமையோடு போகிறார். உரிமை இருக்கிறது. அந்த இசையில் ஒலிக்கும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் வேரே ஆப்பிரிக்காவில்தானே! 'டெக்சஸ் ஹோல்ட் எம்' பாட்டின் தொடக்கத்தில் ரியானன் கிடன்ஸ் மீட்டும் பாஞ்சோவைக் கேளுங்கள். தந்தி அதிரும்போதே கால் தானாகத் தாளம் போடும். கறுப்பினப் பெண்ணாக 1969இல் கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் பாடிய லிண்டா மார்டெல் இதில் பேசுகிறார். அவரை இத்தனை காலம் மறந்திருந்தார்களே என்று கோபம்கூட வந்தது. ஆனால் 27 தடங்கள் ரொம்ப அதிகம். எட்டு, ஒன்பதைத் தயங்காமல் வெட்டியிருக்கலாம்.

பாணி கலப்பதில், ஜாஸையும் இந்திய இசையையும் சேர்க்கும் சக்தி குழு எல்லோருக்கும் மூத்தது. 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்', 46 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் ஸ்டுடியோவில் செய்த ஆல்பம். முன்பு விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த இடத்தில் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்திருக்கிறார். ஒட்டுப் போட்ட தடமே தெரியவில்லை. குழுவில் தபலா வாசித்த ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்துவிட்டார். அப்புறம் அந்தத் தபலாவைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

சரி, நான் அதிகம் கேட்பது எது? எந்த வீட்டுக்கும் போகாத ஒரு குழுவை. 'தி க்யூர்' என்ற இங்கிலாந்து ராக் குழு 16 ஆண்டு கழித்து, 2024 நவம்பரில் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' கொண்டுவந்தது. அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித்துக்கு அப்போது 65 வயது. அதே கிட்டார், அதே அழுகைக் குரல். எட்டே பாட்டு. முதல் பாட்டில் குரல் வரவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆலாபனைக்குக் காத்திருந்து பழகிய நமக்கு அது பாரமில்லை. இறந்த அண்ணனுக்காக ஒரு பாட்டு இருக்கிறது. அதில் பியானோ ஒரே சின்ன ஸ்வரக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, ஆறுதல் சொல்லத் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பதைப் போல. கடைசிப் பாட்டில் ஆறு நிமிடம் தாண்டித்தான் பாடத் தொடங்குகிறார். தாண்டித் தாண்டிப் போகாமல் வரிசையாகக் கேளுங்கள். வணக்கம்.