போரிச்சி என்றால் அந்த 0-0 தான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கால்பந்து என்றதும் ஓடி வந்திருக்கும் ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். அல்பேனியாவின் லோரோ போரிச்சி பெரிதும் போற்றப்பட வேண்டியது ஆட்டக்காரராகவா, பயிற்சியாளராகவா? நான் பயிற்சியாளர் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் நன்றாகவே பேசினார். 1922-இல் ஷ்கோதர் நகரத்தில் பிறந்த பையன், இருபது வயது நிறைவதற்குள் ரோம் போய் லாசியோ கிளப்புக்கு ஆடினார், 1946-இல் டிரானாவில் நடந்த பால்கன் கோப்பையில் கேப்டனாக நின்று அல்பேனியாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார் என்றெல்லாம் அடுக்கினார். அத்தனையும் உண்மை. முதல் ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவிடம் 2-3 என்று தோற்றுவிட்டு, பல்கேரியாவை 3-1, ருமேனியாவை 1-0 என்று வீழ்த்தி, கடைசியில் கோல் சராசரியில் (போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கு) யூகோஸ்லாவியாவையே முந்தியது என்றால் சும்மாவா?

சரி, அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார்? நண்பர் அதைச் சொல்லவே இல்லையே! லியுபிஷா ப்ரோச்சிச். யூகோஸ்லாவியாக்காரர், பிற்காலத்தில் யுவென்டஸுக்கும் பார்சிலோனாவுக்கும் பயிற்சியாளராக இருந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் வெளியே நின்று வழிநடத்திய அணிக்குத்தான் போரிச்சி கேப்டன். எதிரணி எடுத்து வைத்த மிகப்பெரிய சான்றே ஒரு பயிற்சியாளரின் பெருமையையும் சேர்த்துத்தான் சொல்கிறது, நடுவர் அவர்களே. இத்தாலிக்குப் போன அல்பேனியரும் போரிச்சி ஒருவர் மட்டும் இல்லை. அதே காலத்தில் நயிம் கிரியேசியு ரோமா அணியில் ஆடி 1942-இல் இத்தாலிய லீக் பட்டமே வென்றார், ரிசா லுஷ்டா யுவென்டஸில் ஆடினார். ஆட்டக்காரராக போரிச்சி ஒரு நல்ல தலைமுறையில் ஒருவர்.

இப்போது 1967-க்கு வாருங்கள். போரிச்சி அப்போது அல்பேனிய அணியின் பயிற்சியாளர்.

என்வர் ஹோஜாவின் ஆட்சி, கதவைச் சாத்திக்கொண்ட நாடு. போரிச்சி தன் இளமையில் லாசியோவுக்குப் போனதுபோல அவருடைய ஆட்டக்காரர்கள் யாரும் வெளிநாட்டு கிளப்புக்குப் போக முடியாது. யூரோ என்கிற ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அல்பேனியாவோடு ஒரே பிரிவில் இருந்தவை மேற்கு ஜெர்மனியும் யூகோஸ்லாவியாவும். ஏப்ரலில் டார்ட்முண்டில் 0-6 தோல்வி, அதில் நான்கு கோல் கெர்ட் முல்லர் ஒருவரே போட்டது. பிறகு யூகோஸ்லாவியாவிடம் சொந்த மண்ணில் 0-2, நவம்பரில் பெல்கிரேடில் 0-4. மூன்று ஆட்டம், பன்னிரண்டு கோல் வாங்கியாயிற்று, ஒன்றுகூட போடவில்லை.

டிசம்பர் 17, டிரானாவின் கெமால் ஸ்டாஃபா மைதானம். யூகோஸ்லாவியா நான்கு ஆட்டத்தையும் முடித்து 6 புள்ளியோடு காத்திருக்கிறது. ஜெர்மனி கையில் 4 புள்ளி. வெற்றிக்கு 2 புள்ளி என்ற காலம் அது, ஜெயித்தால் இருவரும் சமம், ஆனால் கோல் சராசரியில் ஜெர்மனி எங்கேயோ முன்னால் இருந்தது, அதனால் 1-0 என்று ஜெயித்தாலே உள்ளே போய்விடலாம். ஒரே ஒரு கோல்! ஆறு கோல் போட்ட அணிக்கு ஒரு கோல் போட 90 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். போரிச்சியின் அணி கொடுக்கவில்லை. ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஜெர்மனி வெளியே, யூகோஸ்லாவியா உள்ளே, அந்த யூகோஸ்லாவியா 1968-இல் இறுதி ஆட்டம் வரை போனது.

எதிரணி இதற்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஜெர்மனியின் பெரிய நட்சத்திரங்களே இல்லை, முல்லர் வரவில்லை, பெக்கன்பவர் வரவில்லை, சீலர் வரவில்லை என்பார்கள். ஆமாம், வரவில்லை. வந்தவர்கள் யார்? ஓவராட், வெபர், ஷுல்ட்ஸ். முந்தைய ஆண்டு வெம்பிளியில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடியவர்கள். கூடவே நெட்சர். பயிற்சியாளராக வெளியே நின்றவர் ஹெல்முட் ஷோன். இவர்களை வைத்துக்கொண்டு ஒரு கோல் போட முடியவில்லை என்றால், எதிரே தடுத்தவர்களுக்கு அதில் பங்கே இல்லையா? இன்றைக்கும் ஜெர்மன்காரர்கள் அந்த நாளை 'டிரானா அவமானம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு தடவைக்குப் பிறகு ஜெர்மனி தகுதி பெறாத யூரோ என்று ஒன்று கிடையாது.

நான் அடிக்கடி யோசித்துப் பார்ப்பது பெல்கிரேடுக்கும் டிரானாவுக்கும் இடையில் இருந்த அந்த ஐந்து வாரத்தைத்தான். நான்கு கோல் வாங்கிவிட்டுத் திரும்பும் அணியின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? அல்பேனியாவுக்குத் தகுதி பெறும் வாய்ப்பே இல்லை, ஜெயித்தாலும் தோற்றாலும் பிரிவில் கடைசி இடம்தான். இழக்கவோ பெறவோ எதுவும் இல்லாத ஆட்டத்தில் தன் ஆட்டக்காரர் பனாயோட் பானோவையும் மற்றவர்களையும் கடைசி விசில் வரை விடாமல் நிற்க வைப்பது காலில் திறமை இருப்பதால் மட்டும் நடக்காது. அது பயிற்சியாளர் செய்கிற வேலை, அவர் செய்தார்.

ஷ்கோதரில் இன்று அவர் பெயரில் மைதானம் இருக்கிறதே, அது ஆட்டக்காரருக்குத்தானே என்று நண்பர் கேட்டார். சொந்த ஊர் தன் பிள்ளைக்குச் செய்த மரியாதை அது, அதை இரண்டாக வெட்டிப் பங்கு போட நான் தயாரில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. 1946-இல் போரிச்சி இல்லாவிட்டாலும் ப்ரோச்சிச் இருந்தார். 1967 டிசம்பரில் போரிச்சி இல்லை என்றால் அந்த அணிக்கு வேறு யார் இருந்தார்கள்? பெயர் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.