பிள்ளையை “நீ புத்திசாலி” என்று பாராட்டுகிறீர்களா? கொஞ்சம் நிறுத்துங்க!

(திரையில்: ரப்பரால் தேய்த்துக் கிழிந்த கணக்கு நோட்டு)

சரியாகப் போட்ட கணக்கை அழிக்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் பாளையங்கோட்டையில் நான் பார்த்தேன். அக்கா மகள், நாலாம் வகுப்பு, வகுப்பிலேயே முதல் ஆள். 364-ஐ 7-ஆல் வகுத்து 52 என்று எழுதினாள். என் முகத்தைப் பார்த்தாள். உடனே ரப்பரை எடுத்துத் தேய்த்துத் தாளையே கிழித்துவிட்டாள்.

“ஏட்டி, சரியாத்தான போட்டிருக்க?”

“நீங்க சிரிக்கலையே மாமா, அதான்.”

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பேர் எடுத்த ஊரில் முதல் ரேங்க் பிள்ளையாக இருப்பது லேசா? பால்காரர் முதல் பக்கத்து வீட்டு ஆச்சி வரை “என்னா மூளை இவளுக்கு!” என்கிறார்கள். வில்லங்கமே அதில்தான்.

1998-இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் படப் புதிர்கள். முடித்ததும் சிலரிடம் “நீ புத்திசாலி” என்றார்கள். சிலரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றார்கள். வித்தியாசம் ஒரே ஒரு வரி! அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள், எல்லாரும் சறுக்கினார்கள். திரும்பவும் பழைய தரத்திலேயே கொடுத்தால், ‘புத்திசாலி’கள் முதலில் எடுத்ததை விடக் குறைவாக எடுத்தார்கள், முயற்சிக்காரர்கள் கூடுதலாக எடுத்தார்கள்.

இருங்க, இனிமேதான் விஷயமே. உங்கள் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள், பேர் போட வேண்டாம் என்றார்கள். ‘புத்திசாலி’களில் 100-க்கு 38 பேர் பொய் எழுதினார்கள்! முயற்சிக்காரர்களில் 13. பேரே போடாத தாளில் யாருக்காகப் பொய்? அந்தப் பட்டத்தைக் காப்பாற்றத்தான். (உங்கள் வீட்டில் யாராவது பரீட்சைத் தாளை ஒளித்திருந்தால் கமெண்டில் சொல்லுங்க. நானும் ஒளித்தவன்தான்.)

எழுத்தே தடுமாறுகிறதா, பள்ளி என்றாலே வயிற்று வலியா? அப்போது நிபுணரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

மற்றபடி, நம்ம ஊர் அல்வா மாஸ்டரைப் பாருங்கள். பதம் வந்ததா என்று ரோட்டில் போகிறவர் முகத்தையா பார்க்கிறார்? நெய் கக்கும், சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். சட்டியே சொல்லிவிடும். பிள்ளைக்கும் அப்படி ஒரு பதம் பார்க்கும் வழி வேண்டும். நாம் சிரித்தால் சரி, முறைத்தால் தப்பு என்று இருந்தால், நாம் இல்லாத பரீட்சை அறையில் அது யார் முகத்தைப் பார்க்கும்?

நான் செய்தது ரெண்டே வேலை. ரப்பரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், தப்பென்றால் ஒரு கோடு போதும் என்றேன். “சரியா மாமா?” என்று கேட்டபோதெல்லாம் “பெருக்கிப் பாரு” என்றேன். முதல் நாள் அழுகை. அக்காவிடம் எனக்குத் திட்டு வேறு.

நேற்றுப் போயிருந்தேன். ஓரமாக 52 × 7 என்று எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன்.

“மாமா, தள்ளுங்க, வெளிச்சம் மறைக்கு.”