யார் கேட்பது, யார் ஏற்பது: இரு திருச்சபைகளுக்கு இடையே மன்னிப்பு

பெரியோர்களே, நண்பர்களே,

கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் 1054-இல் பிரிந்தார்கள் என்று படித்திருப்போம். அந்த ஆண்டு நடந்தது உண்மையில் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஜூலை 16 அன்று கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்), ஹகியா சோபியா பேராலயத்தின் பலிபீடத்தில், ரோமின் தூதராக வந்த கர்தினால் ஹம்பர்ட் ஒரு விலக்க ஓலையை, அதாவது திருச்சபையிலிருந்து நீக்கும் ஆணையை, வைத்துவிட்டு வெளியேறினார். அது அந்நகரின் தலைமை ஆயரான முதுபெரும் தந்தை மிக்கேல் செருலாரியுசையும் அவரைச் சார்ந்தவர்களையும் விலக்கியது. சில நாட்களில் அங்கிருந்த ஆயர் மன்றம் பதிலுக்கு ஓலைக்குப் பொறுப்பானவர்களை விலக்கியது. ஹம்பர்ட்டை அனுப்பிய திருத்தந்தை ஒன்பதாம் லியோவோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். ஆகவே, தூதருக்கு அந்நேரம் அதிகாரம் இருந்ததா என்ற சட்டக் கேள்வி இன்றும் நிற்கிறது.

பிளவை மக்களின் நெஞ்சில் இறக்கியது 1204. அதன் வேர் ஒரு கப்பல் கணக்கில் இருக்கிறது. நான்காம் சிலுவைப்போருக்காக 33,500 பேரையும் 4,500 குதிரைகளையும் ஏற்றிச்செல்ல 1201-இல் சிலுவைப்படைத் தலைவர்கள் வெனிஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள். கூலி 85,000 மார்க் வெள்ளி. வந்து சேர்ந்ததோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆள்தான். கடனுக்கு ஈடாக 1202-இல் சாரா என்ற கத்தோலிக்க நகரையே வெனிஸுக்காகப் பிடித்துக் கொடுத்தார்கள். பிறகு, தந்தையின் அரியணையை மீட்டுத் தந்தால் 200,000 மார்க் தருவதாகப் கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் இளவரசர் அலெக்சியோஸ் வாக்களித்தார். மீட்டுக் கொடுத்தார்கள், அவரால் முழுத் தொகையையும் கட்ட முடியவில்லை, அவரும் கொல்லப்பட்டார். 1204 ஏப்ரலில் சிலுவைப்படை கான்ஸ்டாண்டினோபிளுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது.

திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கிறிஸ்தவரைத் தாக்கக்கூடாதென்று முன்பே தடுத்திருந்தார். கொடுமைகளை அறிந்ததும் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் வெனிஸ்காரரான தொமாசோ மொரோசினியைக் கான்ஸ்டாண்டினோபிளின் முதுபெரும் தந்தையாக நியமித்தவரும் அவரே. என் பார்வையில் ஆழமான காயம் இதுதான். கொள்ளையைப் படைமேல் சுமத்தலாம். கிரேக்கர்களின் ஆயர் இருக்கையில் லத்தீன் (ரோமைச் சார்ந்த) ஆயரை அமர்த்தியதைத் திருச்சபைதான் செய்தது. அங்கே லத்தீன் ஆட்சி 1261 வரை நீடித்தது.

இப்போது 1965-க்கு வருவோம். முந்தைய ஆண்டு ஜனவரியில் எருசலேமில் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தனாகோரஸும் டிசம்பர் 7 அன்று ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன்னும், இஸ்தான்புல்லில் முதுபெரும் தந்தையின் இருப்பிடமான ஃபனாரிலும் அது ஒரே நாளில் வாசிக்கப்பட்டது. இரு தரப்பும் புண்படுத்திய சொற்களுக்கும் ஆதாரமற்ற பழிகளுக்கும் வருந்தின. 1054-இன் விலக்கங்களைத் திருச்சபையின் நினைவிலிருந்தும் நடுவிலிருந்தும் அகற்றின. அந்த விலக்கங்கள் தனிமனிதர்மேல் விழுந்தவை, திருச்சபைகள்மேல் விழுந்தவை அல்ல என்று தெளிவாக்கின. வேறுபாடுகளைத் தீர்க்க இது போதாது என்றும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. பலர் இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு, பிளவே 1965-இல் முடிந்ததுபோல் பேசுகிறார்கள். ஒரே பலிபீடத்தில் பங்குகொள்ளும் நற்கருணை ஒன்றிப்பு அன்று திரும்பவில்லை, இன்றும் திரும்பவில்லை.

1054-ஐ அகற்றுவது எளிது. இரு பக்கமும் ஓலை இருந்தது, இரு பக்கமும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். 1204-க்கு அப்படி ஈடு கட்ட முடியாது. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும்.

2001 மே 4 அன்று ஏதென்ஸில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பேராயர் கிறிஸ்தொதூலோஸ், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் முகத்துக்கு நேரே குறைகளை வாசித்தார். சிலுவைப்படையின் வெறிக்கு இதுவரை ஒரு மன்னிப்புச் சொல்லும் கேட்கவில்லை என்றார். திருத்தந்தை பதிலில், செயலாலும் செய்யத் தவறியதாலும் கத்தோலிக்கர் ஆர்த்தடாக்ஸ் சகோதரர்களுக்கு எதிராகச் செய்த பாவங்களுக்குக் கடவுளின் மன்னிப்பை வேண்டினார். அத்தோடு நிறுத்தவில்லை, கான்ஸ்டாண்டினோபிள் சூறையாடலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதைச் செய்தவர்கள் லத்தீன் கிறிஸ்தவர்கள் என்பது கத்தோலிக்கருக்கு ஆழ்ந்த துயரம் என்றார். ‘கடந்தகாலத் தவறுகள்’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் ஏதென்ஸ் அதைக் காதில் வாங்கியிருக்காது.

யார் ஏற்பது? கிரேக்கப் பேராயர் கிரேக்கத் திருச்சபைக்கு மட்டுமே பேசலாம். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் தன்னாட்சி உடையவை. எல்லாருக்குமாக ஒருவர் கையெழுத்திட முடியாது. 2004 ஏப்ரலில், சூறையாடலின் 800-ஆம் ஆண்டில், முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு அந்த வருத்தத்தை நன்றியோடு ஏற்றார். அது கான்ஸ்டாண்டினோபிளின் ஏற்பு. மாஸ்கோவையோ ஏதென்ஸையோ கட்டுப்படுத்தாது.

சொல்லோடு பொருளும் போக வேண்டும். 1964-இல் புனித அந்திரேயாவின் தலைத் திருப்பண்டம் (புனிதரின் உடல் எச்சம்) ரோமிலிருந்து கிரேக்கத்தின் பத்ராஸுக்குத் திரும்பியது. 2004 நவம்பர் 27 அன்று புனித யோவான் கிறிசோஸ்தொம், நாசியான்சு கிரகோரி ஆகியோரின் திருப்பண்டங்கள் ரோமில் பர்த்தலோமேயுவிடம் ஒப்படைக்கப்பட்டன. கிரகோரியின் திருப்பண்டம் 8-ஆம் நூற்றாண்டிலேயே துறவியர் கொண்டுவந்தது என்பது ரோமின் மரபு. ஆனாலும் அதையும் கொடுத்தார்கள். சூறையாடலில் கான்ஸ்டாண்டினோபிளின் பந்தயத் திடலான ஹிப்போட்ரோமிலிருந்து எடுத்துச் சென்ற நான்கு செப்புக் குதிரைகள் வெனிஸில்தான் இருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு பேச்சு எங்கே தட்டி நின்றது? ரோமோடு இணைந்த கீழைத் திருச்சபைகளில், அதாவது கீழை வழிபாட்டு முறையை வைத்துக்கொண்டே திருத்தந்தையின் தலைமையை ஏற்ற திருச்சபைகளில். 1993-இல் லெபனானின் பலமாந்தில் கூடிய கத்தோலிக்க-ஆர்த்தடாக்ஸ் கூட்டு ஆணையம், மற்றத் திருச்சபையின் ஒரு பகுதியைப் பிரித்துச் சேர்த்துக்கொள்ளும் பழைய வழியைத் தள்ளியது. அதே நேரம், அப்படி உருவான திருச்சபைகளுக்கு இருக்க உரிமை உண்டு என்றது. கிரேக்கத் திருச்சபை உட்பட ஆறு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. 2000-இல் அமெரிக்காவில் நடந்த கூட்டம் உடன்பாடின்றி முறிந்தது. ஆணையம் மறுபடி கூடியது 2006-இல், பெல்கிரேடில்.

பலமாந்து ஆவணத்தில் இன்னொரு பரிந்துரை இருக்கிறது: குருவாகப் பயில்வோருக்கு வரலாற்றை நேர்மையாக, முடிந்தால் இரு தரப்பும் சேர்ந்து எழுதிக் கற்பிக்க வேண்டும். அப்படி எழுதினால் கத்தோலிக்கப் பாடத்தில் 1204-ஐ மழுப்ப முடியாது. ஆர்த்தடாக்ஸ் பாடத்தில் 1182-உம் இடம்பெற வேண்டும். அந்த ஆண்டு அதே கான்ஸ்டாண்டினோபிளில் லத்தீன் குடியிருப்புகளுக்குள் கும்பல் புகுந்தது. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும் கொன்றது, உயிர்பிழைத்த ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அவர்களுக்கும் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.